பாட்டு எப்பம் தொடங்கும்?

2016 செப்டம்பரில் வடசேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன். சென்னையில் எட்டு வருடம் ஹோட்டல்களிலும் ஸ்டூடியோக்களிலும் சாக்ஸபோன் வாசித்துவிட்டு, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் நாகர்கோவிலுக்குத் திரும்பியிருந்தேன். ஊரில் கிடைத்த முதல் புரோகிராம் அது. சாக்ஸ், கிட்டார், டிரம்ஸ் என்று மூன்று பேர். அமெரிக்க ஜாஸ் உருப்படிகள் நான்கை அடுத்தடுத்து வாசித்தோம். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். நன்றாகவே வாசித்தோம். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பாசமாகக் கேட்டார்: "மக்களே, நல்லா வாசிக்கீங்க. பாட்டு எப்பம் தொடங்கும்?"

அவர் குறை சொல்ல வரவில்லை. அரைமணி நேரமாக நாங்கள் சுதி சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார். அன்று இரவு வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

குமரி மாவட்டத்தில் ஜாஸ் வாசித்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டுத் தம்பிகள் சிலர் வருகிறார்கள். கிட்டார் நன்றாக வாசிக்கிறவர்கள், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதுகிறேன். ஜாஸ் மட்டும் வாசித்து இங்கே குடும்பம் நடத்த முடியாது. என் வருமானத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பதில் வருகிறது. ஆனால் மாதம் நான்கைந்து மேடையில் மனதுக்குப் பிடித்த இசையை வாசித்து, அதற்குக் காசும் வாங்க முடியும். அந்த நான்கைந்து எங்கே இருக்கிறது என்று தெரிய எனக்கு நாள் பிடித்தது.

முதலில் சென்னையில் செய்ததையே செய்தேன். சாக்ஸை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரியில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். இவ்வளவு சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊரில் ஒரு ஹோட்டல்கூடவா கூப்பிடாது என்ற நம்பிக்கை. ஒரு மேலாளர் மட்டும் உட்காரவைத்து டீ கொடுத்து விளக்கினார். "தம்பி, இங்க வர்றவங்க சூரிய உதயம் பார்க்க வர்றாங்க. விடியக்காலம் அஞ்சரைக்கு மொட்டை மாடியில நிக்கணும். ராத்திரி ஒன்பதுக்கு ரூம்ல லைட் அணைஞ்சிரும். நீங்க யாருக்கு வாசிப்பீங்க?" அதுதான் உண்மை. பகல் முழுக்கப் படகு வரிசையில் நின்று, விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் பார்த்து, சாயங்காலம் அஸ்தமனமும் பார்த்த குடும்பத்துக்குச் சாப்பிட்டதும் படுக்கத்தான் தோன்றும். கார்த்திகை, மார்கழியில் கூட்டம் இன்னும் அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். எனவே ஒரு ஊருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

அப்புறம் கோவளம். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற இடம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். அங்கே ஜாஸ் என்று சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். இரண்டு சீசன் போனேன். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று போக இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். மூன்று பேருக்கு 9,000 ரூபாய் என்று பேசினால், வண்டி வாடகையும் டீசலும் சாப்பாடும் போக ஆளுக்கு 1,700 நிற்கும். வீடு திரும்ப ராத்திரி இரண்டு மணி. கடற்கரை உணவகங்களில் இடமும் சின்னது. ஒருவர் டிராக் போட்டுப் பாடுவதே அவர்களுக்குப் போதும். எனவே இரண்டாம் சீசனில் டிரம்ஸை விட்டுவிட்டு, நானும் கிட்டார் தம்பியும் மட்டும் ரயிலில் போனோம். கைநிறைய இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை. நான்கு பேர் வாசிப்பதை இரண்டு பேராகவும், தேவைப்பட்டால் ஒரே ஆளாகவும் வாசிக்கப் பழகி வைத்திருங்கள். பாஸ் என்கிற அடிச்சுரக் கருவி இல்லாத குறை தெரியாமல் கிட்டாரில் கட்டைவிரலால் பாஸ் நடையை ஓட்டத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் பாதிக் கதவு திறந்துவிடும்.

இதெல்லாம் வெளியூரில் வாய்ப்புத் தேடிய கதை. உள்ளூரில் வழி திறந்தது நான் தேடாத இடத்தில்.

எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். மத்தியானம் மூன்றரைக்குக் கோவிலில் திருமணம். ஆறு மணிக்கு மண்டபத்தில் ரிசப்ஷன் என்று பத்திரிகையில் இருக்கும். நடுவில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் படம் எடுக்கச் சொத்தவிளைக் கடற்கரைக்கோ சங்குத்துறைக் கடற்கரைக்கோ கூட்டிப்போவார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு படம் என்று புகைப்படக்காரர் நிறுத்துவார். மண்டபத்துக்கு அவர்கள் வந்து சேர ஏழேகால், ஏழரை. ஆறு மணிக்கே வந்த ஐந்நூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடையில் லைட் மியூசிக் குழு "ஹலோ, மைக் செக்" சொல்லிக்கொண்டிருக்கும். பெண் வீட்டார் வாசலில் நின்று எல்லோரிடமும் "இப்ப வந்திருவாங்க" என்று சமாதானம் சொல்வார்கள்.

2018 ஜனவரியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு இசை இல்லை. நாதஸ்வரம், பேண்டு செட், சிங்காரி மேளம் எல்லாம் ஊர்வலத்துக்கு. லைட் மியூசிக் ஜோடி மேடை ஏறிய பிறகு. இந்த வெறும் நேரத்துக்கு ஆள் கிடையாது. இதற்குத் தேவை சத்தமில்லாத இசை. பேசுகிறவர்கள் பேசலாம், கேட்கிறவர்கள் கேட்கலாம். ஜாஸ் பல காலம் இப்படித்தான், பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வாசிக்கப்பட்டு வந்தது.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "ஜாஸ் குழு வைத்திருக்கிறேன்" என்று பேச்சைத் தொடங்குவதில்லை. "ஜோடி வருகிறவரை ஒரு மணி நேரம், வாசல் பக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்து மெல்ல வாசிப்போம், மேடை வேண்டாம், மைக் செட் வேண்டாம்" என்று சொல்கிறேன். பெண்ணின் அப்பாவுக்கு அது உடனே புரிகிறது. காத்திருக்கிற விருந்தாளிகளை நினைத்து அவர்தானே பதறிக்கொண்டிருப்பார். முதல் புரோகிராமுக்கு 7,500 ரூபாய் வாங்கினோம். இப்போது 18,000 வாங்குகிறோம். எங்களிடம் இருப்பது பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்றும் கஹோன் என்கிற பெட்டி டிரம் ஒன்றும்தான். கால் மணி நேரத்தில் உட்கார்ந்துவிடலாம், ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

லைட் மியூசிக் குழுக்களை நான் முதலில் போட்டியாக நினைத்தேன். அது என் தவறான நினைப்பு. அவர்கள் சவுண்டு சரிபார்க்கும் நேரத்தில் நாங்கள் வாசித்தால் இருவருக்கும் தொந்தரவு. எனவே முந்தின நாளே அவர்களுக்குப் போன் செய்து நேரத்தைப் பிரித்துக்கொள்வேன். இப்போது எனக்கு வருகிற புரோகிராமில் நாலில் ஒன்று அவர்கள் சொல்லித்தான் வருகிறது. சாக்ஸ் வரும் சினிமாப் பாட்டுக்கு என்னை மேடைக்கும் கூப்பிடுகிறார்கள். சினிமாப் பாட்டு வாசிப்பதைத் தாழ்வாக நினைக்கிற ஜாஸ் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டுகளின் கோர்டுகளை, அதாவது மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டங்களை, ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதன் பிறகு அப்படி நினைக்க மாட்டீர்கள்.

சரி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

ஜாஸில் முதலில் மெட்டை வாசித்துவிட்டு, அதே கோர்டுகளின் மேல் புதிதாகக் கற்பனை செய்து, கடைசியில் மெட்டுக்குத் திரும்புவோம். மெட்டு தெரிந்தவருக்குத்தான் அதிலிருந்து எவ்வளவு தூரம் போனோம், எப்படித் திரும்பினோம் என்பது தெரியும். மெட்டே தெரியாதவருக்கு எல்லாமே தொடக்கம் மாதிரித்தான் இருக்கும். அமெரிக்காவில் இந்த உருப்படிகளைக் கேட்டவர்களுக்கு அவை நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று ஏற்கெனவே பழகியவை. கேட்பவருக்குத் தெரிந்த பாட்டிலிருந்து கிளம்புவதுதான் அவர்களின் வழி. நான் மட்டும் எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியாத பாட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்குத் தெரிந்த மெட்டு எது? கோவில் பாட்டு. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு இந்த மாவட்டத்தில் பாமாலை என்கிற கிறிஸ்தவத் துதிப்பாடல்களைப் பாடி வருகிறார்கள். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிற பாடகர் குழுவை எங்கள் பக்கத்துச் சிற்றூரிலும் கேட்கலாம். ஒரே நேரத்தில் நான்கு சுரம் சேர்ந்து ஒலித்தால் அது இனிமையா இடறலா என்று இங்கே ஒரு பாட்டிக்குக் காதே சொல்லிவிடும். இப்படிப் பழகிய காதுகள் இருக்கிற ஊரில் ஜாஸுக்கு ரசிகர் இல்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, தேர்ப்பவனி, கிறிஸ்மஸ், அப்புறம் அடக்க ஆராதனை. சாவு வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பாமாலைகளை மிக மெதுவாக வாசித்துக்கொண்டு நடப்பார்கள். சின்ன வயதில் நான் பின்னால் சைடு டிரம் தட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் பிறந்த கதையைச் சென்னையில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அங்கேயும் அதே கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம். கல்லறைக்குப் போகும்போது பாமாலையை இழுத்து இழுத்து வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக வாசிப்பார்கள். நாங்கள் திரும்பும்போது வாசிப்பதில்லை, அமைதியாக நடந்து வருவோம். அவ்வளவுதான் வித்தியாசம். ஜாஸை எங்கேயோ தூர தேசத்துச் சரக்காக நினைக்க வேண்டியதில்லை என்பது அப்பாவின் கிளாரினெட்டைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. கோட்டாறு திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்கள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தன. டிசம்பருக்குப் பேசியிருந்த எல்லாப் புரோகிராமும் நின்றது, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். எங்களுக்குத் தெரிந்த கடற்கரை ஊர்களில் கேரல் ரவுண்ட்ஸ் போகவில்லை, ஸ்டார் கட்டவில்லை. ஜனவரி கடைசியில் ஒரு கடற்கரை ஊரின் பங்குக் கோவிலில் நினைவுத் திருப்பலி. அங்குள்ள பாதர் அப்பாவுக்குப் பழக்கம். என்னை வாசிக்கக் கூப்பிட்டார். பணம் பேசவில்லை, பேசவும் முடியாது. அப்பா வாசித்த மாதிரியே ஒரு பாமாலையை மெதுவாக, ஒரு சுரம் கூட்டாமல் வாசித்தேன். மூன்றாம் சரணத்தில் கிட்டார் தம்பி அடியில் கோர்டுகளை மாற்றினான். மெட்டு அப்படியே இருந்தது, அதன் நிறம் மட்டும் இருண்டது. நான் இரண்டு வரி மெட்டைவிட்டு விலகிப் போய்த் திரும்பினேன். திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மா வந்து, "அந்தக் கடைசித் தடவை வாசிச்சீங்களே, அது அழுகிற மாதிரியே இருந்துச்சு" என்றார். ஜாஸ் என்று தெரியாமலே அவருக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. இதை வாய்ப்புக்கான வழி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கோவிலில் அன்று இருந்தவர்கள்தான் பிறகு தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

இப்போது எங்கள் வரிசை இப்படி: மூன்று பாமாலை, மூன்று பழைய சினிமாப் பாட்டு, நடுவே இரண்டு ஜாஸ் உருப்படி. முக்கால் தாளத்தில் இருக்கிற பாமாலையை ஜாஸ் வால்ட்ஸாக மாற்றுவது சுலபம், தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம். முதல் சுற்றில் மெட்டை ஒரு சங்கதியும் சேர்க்காமல் வாசிப்போம். தெரிந்த பாட்டு என்று முகங்கள் மலர்ந்த பிறகுதான் விலகிப் போவோம். இந்துக் கல்யாணங்களில் பாமாலைக்குப் பதில் கீர்த்தனை ஒன்றிரண்டு சேர்ப்போம். சாக்ஸைப் பார்த்ததும், அதில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் மாதிரி வாசிப்பீர்களா என்று கேட்பார்கள். அவர் அளவுக்கு என்னால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுவேன். ஆனால் தென்னாட்டில் இந்தக் கருவியைத் திருவிழா மேடைக்குப் பழக்கியவர் அவர், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஒரு தாத்தா எங்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "ராகம் விரிக்கிற மாதிரிதானே இதுவும்" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் சென்னையில்கூடக் கேட்டதில்லை.

பண விஷயத்தில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். கடற்கரை ஓரத்தில் ஒரு ரிசார்ட். வாரம் ஒருநாள் வீதம் ஆறு வாரம் வாசித்தோம். வாயால் பேசியதுதான். "மாசக் கடைசியில மொத்தமா அனுப்பிருவோம்" என்றார்கள். மாதக் கடைசி வந்தது, மேலாளர் மாறினார், புதியவருக்கு எங்களைத் தெரியவில்லை. நான்கு மாதம் நடந்து பாதிப் பணம்தான் கிடைத்தது. டிரம்ஸ் தம்பிக்கு அந்த மாதம் வீட்டு வாடகை கட்ட நான் கடன் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு தேதி, நேரம், எத்தனை பேர், எவ்வளவு, சாப்பாடு உண்டா, வண்டிச் செலவு யாருடையது என்று ஆறு வரி எழுதி வாட்ஸப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்காமல் தேதியைக் குறிப்பதில்லை. பாதி அட்வான்ஸ், மீதி கடைசிச் சுற்றுக்கு முன்னால். கல்யாண வீட்டில் இதைப் பெண்ணின் அப்பாவிடம் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. பணம் வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமாவோ யார் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஹோட்டல்கள் பில்லும் பான் எண்ணும் கேட்டு வரி பிடித்துத்தான் தருவார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டியது போக மீதி திரும்ப வரும். பயந்து விட்டுவிடாதீர்கள்.

பாட்டுகளை வாசிக்க உரிமம் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கல்யாணமும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்குப் பெற்றவை. ஹோட்டலிலும் உணவகத்திலும் அப்படியில்லை, உரிமத்தை ஹோட்டல்காரரே எடுத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எனவே ஒன்பதரைக்கு முடிகிற மாதிரி வரிசையைப் போடுவேன்.

வருடத்தைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் அநேகமாக இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இருக்காது. ஜூனில் மழை தொடங்கினால் கடற்கரை நிகழ்ச்சிகள் நிற்கும், ஐப்பசியில் மறுபடி மழை. ஆக, தை, ஆவணி, ஈஸ்டர் முடிந்து மே வரை, அப்புறம் கிறிஸ்மஸ் ஒட்டிய நாட்கள். இந்த மாதங்களில் வருவதைப் பிரித்து வைத்தால்தான் மற்ற மாதங்கள் ஓடும். 2020இல் எல்லாம் நின்றபோது எங்களைக் காப்பாற்றியது போனில் எடுத்த கீபோர்டு வகுப்புகள்தான்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சென்னையில் எனக்கு இது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை. முட்டம், கன்னியாகுமரி மாதிரி இடங்களில் கடலை ஒட்டி வாசித்தால் உப்புக்காற்று சாக்ஸின் ஸ்பிரிங்கையும் கம்பிகளையும் அரிக்கும். ஒரு சீசனில் எனக்கு மூன்று ஸ்பிரிங் போயிற்று, ஒன்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே. வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு இழுத்து, வெளியே மெல்லிய ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து உடனே பெட்டிக்குள் வைத்துவிடுவேன். சாக்ஸின் துளைகளை மூடுகிற பேடு ஒட்டிக்கொண்டால் சிகரெட் பேப்பரை நடுவில் வைத்து மெல்ல மூடித் திறந்தால் ஈரம் எடுத்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் திறந்தவெளிப் புரோகிராமை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காற்றாலை சுற்றுகிற காற்றில் மைக்கில் இரைச்சல்தான் கேட்கும். பேடு மாற்ற ஊரில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். பேண்டு செட் கிளாரினெட்டுகளை முப்பது வருடமாகச் சரிசெய்துவரும் ஒருவர், அப்பாவின் நண்பர், என் சாக்ஸை ஒரே நாளில் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார்.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. எங்களோடு ஆறு வருடம் வாசித்த டிரம்ஸ் தம்பி போன மாதம் துபாய்க்குப் போய்விட்டான். நல்ல சம்பளம், தடுக்க எனக்கு மனமில்லை. விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுவிட்டேன். தை மாதத்துக்கு ஐந்து கல்யாணம் பேசியாகிவிட்டது. கோவில் பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிக்கும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். அணிவகுப்புத் தாளம் கையில் ஊறியவன், ஒவ்வொரு தட்டும் நேராக, அழுத்தமாக விழும். குச்சிக்குப் பதில் டிரம் பிரஷைக் கொடுத்து, அழுத்தாதே, தோலின் மேல் இழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று பாமாலை ஒன்றை நான் மெதுவாக வாசிக்க, எட்டு வரி அவன் கை தன்னாலே ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு மறுபடி அணிவகுப்புக்குப் போய்விட்டது. உள்ளேயிருந்து அப்பா, "விட்டுட்டான் பாரு, மறுபடி தொடங்கச் சொல்லு" என்றார்.